ஏ. ஈ. மனோகரன்: ஒரே பாட்டுக்குள் அடைக்கப்பட்ட கலைஞர்

ஏ. ஈ. மனோகரன் 2018ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார். அடுத்த சில நாட்களில் நான் வாசித்த இரங்கற் குறிப்புகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே தலைப்புத்தான்: ‘சுராங்கனி புகழ் சிலோன் மனோகர் மறைவு’. அச்சுக்கூடத்தில் பல வருடங்களைக் கழித்தவன் என்ற முறையில் அத்தகைய தலைப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை நான் அறிவேன். இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வருகிறது. கோப்பில் ஒன்றும் இல்லை. உதவி ஆசிரியருக்கு நினைவில் இருப்பது ஒரு பாட்டு மட்டுமே. அதையே தலைப்பாக்கிப் பக்கத்தை மூடிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கோப்பில் ஏன் ஒன்றும் இருக்கவில்லை என்பதே என்னுடைய கேள்வி. அந்தக் கேள்வி மனோகரன் என்ற ஒருவரோடு முடிந்துவிடுவதும் அன்று. வட்டகொடையில் இருந்துகொண்டு அதைக் கேட்பதற்கு எனக்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

இளைய வாசகர்களுக்காகச் சிறிது பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் இலங்கைத் தமிழர் மத்தியில் ஒரு புதிய பாட்டு வகை தோன்றியது. பேச்சில் அதற்குப் ‘பொப்’ என்று பெயர். வானொலியில் ‘துள்ளிசை’ என்றார்கள். நித்தி கனகரத்தினம் மாமியாரையும் கள்ளுக்கடையையும் வைத்துப் பாடிய பாட்டுகள் கல்லூரி விடுதிகளிலிருந்து புறப்பட்டு நாடு முழுவதும் பரவின. திருகோணமலையிலிருந்து எம். பி. பரமேஷ் வந்தார். அமுதன் அண்ணாமலை, இமானுவேல், எஸ். இராமச்சந்திரன், ஸ்ரான்லி சிவானந்தன் என்று பெயர்கள் நீண்டன. அந்த வரிசையில் மேடையைத் தன் முழு உடலாலும் ஆண்டவர் மனோகரன். இரசிகர்கள் அவருக்குப் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தையே கொடுத்தார்கள். கொத்தாக வளர்ந்த தலைமுடியும் கனத்த தேகமும் கரகரத்த குரலும் கொண்ட அவர் ஒலிவாங்கியைப் பிடித்தால், கதிரையில் உட்கார்ந்து கேட்பது முடியாத காரியம்.

அந்த இசை எங்கிருந்து வந்தது? 1505இல் போர்த்துக்கேயர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் ஆபிரிக்கர் கொண்டுவரப்பட்டார்கள். அந்தக் கலப்பில் உருவானது கஃப்ரிஞ்ஞா என்னும் ஆட்டப்பாட்டு. அதிலிருந்து பைலா பிறந்தது. கடந்த நூற்றாண்டின் நாற்பதுகளை ஒட்டி வொலி பஸ்தியன் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் அதனைச் சிங்களத்தில் நிலைநிறுத்தினார். எம். எஸ். பெர்னாண்டோ போன்றவர்கள் அதனைத் தெருவெங்கும் கொண்டுபோனார்கள். மட்டக்களப்புப் பறங்கியரிடையே அதன் பழைய வடிவம் நீண்டகாலம் உயிரோடிருந்தது. ஆறு மாத்திரை எண்ணிக்கையில் உருண்டு ஓடும் அந்தத் தாளம் தமிழுக்குப் புதிது. ஆனால் தப்படித்து வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக ஒலிக்கவில்லை. தமிழ்ப் பொப்பிசைக்காரர்கள் பைலாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஆடத் தொடங்கினார்கள்.

‘சுராங்கனி’ அந்த மரபிலிருந்து வந்தது. ஒருத்தியின் பெயரைச் சொல்லி அழைத்து, உனக்காக மீன் கொண்டு வந்திருக்கிறேன் என்று சொல்லும் எளிய கருத்து. சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து வரும். இரண்டு மொழியும் அறிந்தவனுக்கு அது மீன்கடைப் பேச்சு. அறியாதவனுக்கு வெறும் ஓசையின்பம். 1977இல் இளையராஜாவின் இசையமைப்பில் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் மலேசியா வாசுதேவனின் குரலிலும் அது ஒலித்தது. அதன்பின் தமிழ்நாட்டில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளில் பாடும் பாட்டாகவே மாறிவிட்டது. பாடுகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதில் இருப்பது சிங்களம் என்று தெரியும்?

இங்கே நின்று ஒன்றை யோசிக்க வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதிலிருந்து மொழி என்பது இந்த நாட்டில் கலவரத்துக்கும் உத்தியோகத்துக்கும் உரிய விடயமாயிற்று. அதே நாட்டில், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள், இரண்டு மொழியையும் ஒரே வாயில் போட்டு மென்று சிரித்துக்கொண்டே பாடிய ஒரு தமிழனை இரு தரப்பாரும் கைதட்டி வரவேற்றார்கள். இதனை நான் பெரிய அரசியற் சாதனையாக ஊதிக் காட்டப் போவதில்லை. பாட்டு கலவரத்தைத் தடுப்பதில்லை. 1977இல் தடுக்கவில்லை, 1983இலும் தடுக்கவில்லை. ஆயினும் அப்படியொரு சபை இருந்தது என்பதற்கு அந்தப் பாட்டு சாட்சி. சாட்சியைத் தொலைத்துவிட்டால், அப்படியொரு சபை இருக்கவே இல்லை என்று சாதிப்பவர்களுக்கு வசதியாகிவிடும்.

அந்த இசை செழித்ததற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. 1970 முதல் 1977 வரை ஆட்சியில் இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற காலம் அது. இந்திய வணிகச் சஞ்சிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்தது. வயிற்றுக்குத் துன்பமான அந்த வருடங்களில்தான் உள்ளூர்க் கலைஞனுக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்தது. நம் மலையகத்தைச் சேர்ந்த வி. பி. கணேசன் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையை வைத்துப் ‘புதிய காற்று’ படத்தை 1975இல் திரைக்குக் கொண்டுவந்தார். பின்னர் 1978இல் ‘நான் உங்கள் தோழன்’, 1981இல் ‘நாடு போற்ற வாழ்க’. துள்ளிசை வானொலியில் இடம்பிடித்ததும் அந்தக் காலத்தில்தான். 1977க்குப் பின் கதவுகள் திறந்தன. கசெற் பெட்டிகளும் இந்தியப் பாட்டுகளும் வெள்ளமாக உள்ளே வந்தன. எல்லோரும் மகிழ்ந்தோம். உள்ளூர்ப் பாட்டுக்காரன் அந்த வெள்ளத்தில் எங்கே போனான் என்று அப்போது எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி வட்டகொடைக்கு வருகிறேன். மனோகரனை மலையகத்தின் பாடகர் என்று எவரும் அழைத்ததில்லை. ஆனால் எழுபதுகளில் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடைப்பட்ட தோட்டங்களில் பாடசாலைப் பையனாக இருந்த எவனைக் கேட்டாலும் அவர் குரல் எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்வான். லயத்தில் ஒரு காம்பராவில் ரேடியோ இருந்தால் அது அந்த லயம் முழுவதற்கும் உரியது. பற்றரி தீர்ந்துவிட்டால் வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுவார்கள். வர்த்தக சேவையில் துள்ளிசை வரும் நேரம், பிரட்டுக்களத்துக்குப் போய்வந்த களைப்பும் கொழுந்துக் கூடையின் பாரமும் சற்று மறக்கும். தேர்த்திருவிழாவில் பக்திப் பாட்டு முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரர் இரவு பத்து மணிக்கு மேல் மனோகரனைத்தான் போடுவார். முருகனைப் பற்றியும் மனோகரன் ஒரு துள்ளிசைப் பாட்டுப் பாடியிருந்தபடியால், கோயிற் கமிட்டியின் பெரியவர்களுக்கும் அதனைத் தடுப்பதற்கு வழியில்லாமற் போயிற்று.

இப்படி மக்கள் நடுவே வாழ்ந்த ஒரு கலை நம் எழுத்தில் ஏன் இடம்பெறவில்லை? நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், தோட்டங்களில் துள்ளிசைக்கு இருக்கும் வரவேற்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நான் பணிபுரிந்த பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்குக் கொடுத்தேன். பொறுப்பாசிரியர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “தம்பி, சம்பளப் பிரச்சினை இருக்கிறது, பிரஜாவுரிமைப் பிரச்சினை இருக்கிறது. இந்தக் கூத்தெல்லாம் எதற்கு?” என்றார். அவர் கெட்டவர் அல்லர். தொழிலாளருக்காக உண்மையாகவே எழுதியவர். அக்காலத்து முற்போக்கு உள்ளங்கள் பலவற்றின் எண்ணமும் அதுவாகத்தான் இருந்தது. சிறுகதை இலக்கியம், கவிதை இலக்கியம், பொப் என்பது குடிகாரன் ஆட்டம். கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு அது அபசுரம். யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு அது பிள்ளைகளைக் கெடுக்கும் சங்கதி.

அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பைலாவிலும் பொப்பிலும் குடியும் கேலியும் அதிகம். பெண்ணைச் சீண்டுவதையே நகைச்சுவையாக்கிய பாட்டுகள் நிறைய. இன்று கேட்டால் முகஞ்சுளிக்க வைப்பவையும் உண்டு. ஆனால் ஒரு பொருள் ஆவணமாவதற்கு அது உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. இதனை எனக்குக் கற்பித்தவர்கள் வெளியூர் அறிஞர்கள் அல்லர், நம் ஊர்க்காரர்.

வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்த சட்டத்தினால் அவருக்கு வாக்களித்த மக்கள் நாடற்றவர் ஆனார்கள். தொழிற்சங்கமும் அரசியலும் கவிதையும் நாவலும் என்று உழைத்த அந்த மனிதர், அவற்றுக்கு நடுவே தோட்டந்தோட்டமாக வாய்மொழிப் பாட்டுகளைச் சேகரித்தார். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் கங்காணியை ஏசும் கொச்சைப் பாட்டும் அவர் கையில் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாயின. அவருக்கு முன்னர், கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத்துக் கூட்டங்களில் பாடினார். மக்கள் ஏற்கனவே அறிந்திருந்த மெட்டுகளில் தொழிலாளரின் குறைகளைப் பாட்டாக்கி 1940இல் அச்சிட்டும் கொடுத்தார். சம்பளப் பிரச்சினை அவர்களுக்கும் இருந்தது. பிரஜாவுரிமைப் பிரச்சினை நம்மைவிட அவர்களுக்கே நெருக்கமாக இருந்தது. ஆயினும் ‘இந்தக் கூத்தெல்லாம் எதற்கு’ என்று அவர்கள் கேட்கவில்லை. மக்கள் எதைப் பாடுகிறார்கள் என்பது மக்கள் என்ன ஆனார்கள் என்பதன் ஒரு பகுதி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மனோகரன் நடிகராகவும் இருந்தார் என்பதைப் பலர் அறிந்ததே, அரைகுறையாக. 1978இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ செங்கை ஆழியானின் நாவலைத் தழுவியது. இயக்கியவர் பிரேம்நாத் மொறாயஸ். நெடுந்தீவுக் கடற்கரையில் பருவ மீன்பிடிக்கு வாடி போடும் தொழிலாளரின் கதை. டாக்டர் இந்திரகுமார், கே. எஸ். பாலச்சந்திரன், ஆனந்தராணி ஆகியோரோடு மனோகரனும் அதில் நடித்தார். மீன் கொண்டுவந்தேன் என்று மேடையில் பாடிச் சிரிக்கவைத்தவர், மீன்பிடிக்கும் மனிதனின் வாழ்க்கையைத் திரையில் வாழ்ந்து காட்ட வேண்டிய வேடம் அது. அவரை மனிதனாகப் பார்த்த படம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் கோடம்பாக்கத்துக்குப் போனார். தமிழிலும் மலையாளத்திலும் வேறு மொழிகளிலும் நிறையப் படங்கள். பிற்காலத்தில் சின்னத்திரைத் தொடர்கள். ஆனால் அங்கே அவருக்குக் கிடைத்த வேடங்கள் எவை? பெரும்பாலும் கடத்தற்காரனின் கையாள், வில்லனுக்கு வலக்கை, கதாநாயகனிடம் அடிவாங்கி விழுகிறவன். அவருடைய முடியையும் தேகத்தையும் முறைத்துப் பார்க்கும் கண்களையும் சினிமா வாங்கிக்கொண்டது. குரலை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னது. ஒரு நாட்டின் இளைஞர்களை எழுந்து ஆடவைத்த பாடகன், இன்னொரு நாட்டின் திரையில் பெயரற்ற அடியாளாக நின்றான். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்ததை இழிவு என்று சொல்வதற்கு எனக்கு வாய் வராது. நாமெல்லோரும் வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள். ஆனால் அந்தப் பண்டமாற்றில் எது போயிற்று என்பதைக் கணக்கெழுத வேண்டும்.

ஒப்பீட்டுக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன். ஜிப்ஸீஸ் குழுவின் சுனில் பெரேரா. அவரும் பைலாவும் பொப்பும் பாடியவர். கேலியும் கிண்டலும் அவருக்கும் ஆயுதம். 2021 செப்டெம்பர் 6ஆம் திகதி அவர் காலமானபோது நாடு முழுவதும் துக்கம் கொண்டாடியது. வாழ்ந்த காலம் முழுவதும் சொந்த நாட்டு மேடையிலேயே பாடி, சொந்த நாட்டு அரசியல்வாதிகளைக் கேலி செய்து, அதனாலேயே மதிப்பும் பெற்றார். இருவரின் திறமையை நான் எடைபோடவில்லை. சுனிலுக்குப் பின்னால் ஒரு சந்தை இருந்தது. இசைத்தட்டு வாங்கவும் மேடை கொடுக்கவும் தொலைக்காட்சியில் பேசவைக்கவும் ஒரு சபை நிலையாக இருந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடகனுக்கு அது இருக்கவில்லை. இருந்த சிறிய சபையையும் 1983உம் அதன்பின் வந்த யுத்தமும் தொரொன்டோ, பாரிஸ், மெல்பேர்ண் என்று சிதறடித்தன. நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். மனோகரன் சென்னையில் நின்றார்.

‘சிலோன்’ என்ற முன்னொட்டைப் பற்றியும் பேச வேண்டும். 1972 மே 22ஆம் திகதி இந்த நாடு சிலோன் என்ற பெயரைக் கைவிட்டது. அதன்பின் அந்தப் பெயரை விடாமற் சுமந்தவை இரண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு: ஒன்று நாம் பறிக்கும் தேயிலை, மற்றது மனோகரன். வேடிக்கைக்கு உள்ளே கசப்பும் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை நம்மில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று ஏச்சுக் கேட்டவர்கள் நீலகிரியிலும் கூடலூரிலும் இறங்கியதும் ‘சிலோன்காரன்’ ஆனார்கள். மனோகரனின் பெயருக்கு முன் ஒட்டப்பட்டது அதே சொல். மேடையில் அது பட்டம், தேயிலைக்காட்டில் அது வசவு. இலங்கையைத் தாய்த்திருநாடு என்று போற்றி ஒரு பாட்டைப் பாடியவர் மனோகரன். அந்தத் தாய்நாட்டின் பழைய பெயரைப் பெயர்ப்பலகைபோல் முன்னே மாட்டிக்கொண்டு அந்நிய நகரத்தில் அவர் உயிர்விட்டார். இரண்டு கரையிலும் அடைமொழியோடு மட்டுமே அறியப்படும் நிலை என்னவென்று நம் மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வட்டகொடையிலிருந்து நான் இதனை எழுதுவதற்குக் காரணம் இதுவே.

இவை பழங்கதை என்று கருத வேண்டாம். 2023இல், நம் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்து இருநூறு ஆண்டு என்று நாம் நினைவுகூர்ந்த அதே வருடத்தில், புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி சென்னைத் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி மேடையில் நின்றாள். ஊரே திரண்டு மகிழ்ந்தது. நானும் கண்கலங்கினேன். பிறகு யோசித்தேன். நம் பிள்ளைக்குக் குரல் இருக்கிறது என்பதை நமக்கு அறிவிக்க இன்னமும் சென்னை தேவைப்படுகிறது. மனோகரன் கப்பலேறி ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தும் பாதை அதே பாதைதான். அந்தப் பிள்ளையைப் போன்றவர்கள் முப்பது வருடம் கழித்து எப்படி நினைக்கப்படுவார்கள்? அவர்களுக்கும் ஒரே ஒரு பாட்டும் ஓர் ஊர்ப் பெயரும் மட்டும் மிஞ்சுமா?

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. முதலாவது, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவைகளுக்காகப் பதிவான மெல்லிசை, துள்ளிசை ஒலிநாடாக்களில் எஞ்சியிருப்பவற்றை எண்ணிப் பட்டியலிட்டு, கணினிப் பதிவாக மாற்றிப் பொதுமக்கள் கேட்கக் கூடியதாக வைக்க வேண்டும். காந்த நாடாவுக்கு ஆயுள் உண்டு. ஈரப்பதம் மிகுந்த நாட்டில் அந்த ஆயுள் இன்னும் குறைவு. இரண்டாவது, இரு மொழியும் கலந்த பாட்டுகளைப் பற்றிப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வு செய்ய வேண்டும். தமிழ்த்துறையும் சிங்களத்துறையும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய அபூர்வமான தலைப்பு அது. மூன்றாவது, அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள், அறிவிப்பாளர்கள், ஒலிப்பதிவாளர்கள் ஆகியோரில் இருப்பவர்களைத் தேடிப்பிடித்துப் பேசவைத்து எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள். பாடகரின் பெயராவது சுவரொட்டியில் இருக்கும். கொங்கோ அடித்தவரின் பெயர் அவர் வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

அரசாங்கத்தையும் பல்கலைக்கழகத்தையும் நோக்கிச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. நம் லயக் காம்பராக்களின் பரண்களிலும் பழைய டிரங்குப் பெட்டிகளிலும் கசெற்றுகள் கிடக்கின்றன. திருவிழாவில் பதிவுசெய்தவை, கலியாண வீட்டில் பதிவுசெய்தவை, வானொலியிலிருந்து பிடித்தவை. புதிய வீடு கட்டிப் போகும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான். போடுவதற்கு முன் உறையைத் திருப்பிப் பாருங்கள். எவராவது பேனாவினால் ஒரு பெயரும் ஒரு வருடமும் எழுதி வைத்திருந்தால் அதனை எடுத்து வையுங்கள். பக்கத்துப் பாடசாலையின் ஆசிரியர் ஒருவரிடமோ நூலகம் ஒன்றிலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒரு கலைஞர் மறையும்போது, இரவு ஒன்பது மணிக்குக் கோப்பைத் திறக்கும் உதவி ஆசிரியருக்கு ஒரு பாட்டுக்கு மேல் ஏதாவது கிடைக்கட்டும்.